ஸ்கிரிப்ட் தானே பாஸு!

ஆபீசில் ஆணி புடுங்கும் மக்களே, உங்களிடம் ஒரு கேள்வி. உங்க ப்ராஜெக்டில் ஜாவா கோடில் ரெண்டு வரி மாத்தினால் என்ன நடக்கும்? ரிவ்யூ நடக்கும். டெஸ்ட் கேஸ் எழுதினியா என்று கேட்பார்கள். வேரியபிள் பெயர் சரியில்லை என்று ஒரு சீனியர் அரை மணி நேரம் வகுப்பெடுப்பார். அதே ப்ராஜெக்டில் ராத்திரி ரெண்டு மணிக்கு ரூட் யூசராக ஓடி, பழைய ஃபைல்களை அழித்து, டேட்டாபேஸை பேக்கப் எடுத்து வைக்கிற நாற்பது வரி ஷெல் ஸ்கிரிப்ட் ஒன்று இருக்குமே, அதை யாராவது ரிவ்யூ பண்ணியிருக்காங்களா? அது கிட்டில் இருக்கா? யார் எழுதினதுன்னாவது தெரியுமா? கேட்டுப் பாருங்க. "அட, ஸ்கிரிப்ட் தானே பாஸு!" என்று பதில் வரும்.

இந்த "தானே" மேலதான் எனக்குக் கடுப்பு. மெஷினில் அதிக அதிகாரத்தோடு ஓடுகிற கோடும் அதுதான், ஒருத்தரும் படித்துப் பார்க்காத கோடும் அதுதான்.

இதற்கு எண்ணெய் ஊத்துவது "டெவலப்பர்களுக்கான 10 அசத்தல் டிப்ஸ்" வகையறா. ஒரே வரியில் லாக் ஃபைல்களைச் சுத்தம் செய்வது எப்படி, ஒரே வரியில் ஆயிரம் ஃபைலுக்குப் பெயர் மாத்துவது எப்படி... படிக்க ஜோராத்தான் இருக்கும். அந்த ஒரு வரி பாதியில் ஊத்திக்கிட்டால் என்ன ஆகும் என்று மட்டும் எவரும் எழுதுவதில்லை. இப்போ ஏஐ சாட்பாட்டிடம் கேட்டு வாங்குகிறவர்கள் நிலைமையும் இதேதான். நாம் கேட்டதை அது கொடுத்துவிடும். கேட்காத காவலையும் சேர்த்துப் போட்டிருக்கா என்று நாம்தான் பார்க்கணும்.

ஏன் இவ்வளவு கத்துகிறேன்? ஷெல்லின் சுபாவம் அப்படி. ஜாவாவிலோ பைத்தானிலோ இல்லாத ஃபைலைத் திறந்தால் எக்ஸெப்ஷன் அடித்து நின்றுவிடும். ஷெல்லில் ஒரு வரி தோத்துப் போனால், அது ஒரு புலம்பல் புலம்பிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். அறிவிக்காத வேரியபிளைக் கேட்டால் வெற்று ஸ்டிரிங்கைக் கையில் கொடுத்துவிட்டு சிரிக்கும். "இந்த டைரக்டரிக்குப் போ" என்று ஒரு வரி, "இங்கே இருக்கிறதையெல்லாம் அழி" என்று அடுத்த வரி. முதல் வரி தோத்தால் எங்கே நின்று அழிக்கும்? எங்கே நிற்கிறதோ அங்கேதான்!

கற்பனை இல்லை சாமி. 2015 ஜனவரியில் லினக்ஸுக்கான ஸ்டீம் கேம் கிளையண்ட் செய்த வேலை ஞாபகம் இருக்கா? வால்வ் கம்பெனியின் ஸ்கிரிப்ட் அது. தான் இருக்கும் டைரக்டரியைக் கண்டுபிடித்து ஒரு வேரியபிளில் வைக்கும். பிறகு ஒரு கட்டத்தில் அந்த வேரியபிள், அதன் பின்னால் ஒரு ஸ்லாஷ், அதன் பின்னால் ஒரு ஸ்டார் போட்டு எல்லாவற்றையும் அழிக்கும். ஒருத்தர் ஸ்டீம் ஃபோல்டரை வேறு டிரைவுக்கு மாத்தி, பழைய இடத்தில் சிம்லிங்க் வைத்தார். வேரியபிள் காலி. மிச்சம் என்ன? ஸ்லாஷ், ஸ்டார். அவர் பெயரில் இருந்த ஃபைல் எல்லாம் போச்சு, மாட்டியிருந்த பேக்கப் டிரைவ் உட்பட. இதில் ரெண்டு விஷயம் கவனிங்க. ஒண்ணு, அந்த வரியில் டபுள் கோட்ஸ் ஒழுங்காகத்தான் போட்டிருந்தார்கள். "கோட்ஸ் போட்டால் போதும்" என்கிற டிப்ஸ் ஆசாமிகள் இங்கே அவுட். ரெண்டு, அழிக்கும் வரிக்கு மேலே "பயமா இருக்கு" என்கிற அர்த்தத்தில் ஒத்தை வார்த்தை கமெண்ட் வேறு எழுதி வைத்திருந்தார்கள். பயம் வந்திருக்கு, காவல் வரலை!

குனு ஆர்எம் கமாண்ட் தனி ஸ்லாஷை அழிக்க மறுக்குமே என்று ஒருத்தர் கையைத் தூக்குவார். மறுக்கும்தான். ஆனால் இங்கே அந்த ஸ்டாரை ஷெல் முன்னாடியே பிரித்து, ஹோம், யூஎஸ்ஆர், மீடியா என்று தனித்தனிப் பெயர்களாக ஆர்எம் கையில் கொடுத்துவிடுகிறது. அதுக்குத் தனி ஸ்லாஷ் கண்ணிலேயே படாது.

2011-ல் பம்பிள்பீ ப்ராஜெக்டின் இன்ஸ்டால் ஸ்கிரிப்டில் நடந்தது இன்னும் கொடுமை. அழிக்க வேண்டிய பாதையில் யூஎஸ்ஆருக்குப் பின்னால் ஒரே ஒரு ஸ்பேஸ் கூடுதலாக விழுந்துவிட்டது. யூஎஸ்ஆர் டைரக்டரியே காலி. ஒரு ஸ்பேஸுங்க!

நம்ம வீட்டு உதாரணம் வேணுமா? "அக்கா கல்யாணம் பழசு" என்று ஒரு ஃபோல்டர். அதை வேரியபிளில் வைத்து, கோட்ஸ் போடாமல் அழிக்கச் சொன்னால் ஷெல் கண்ணுக்கு அது மூணு பெயர். பக்கத்திலேயே "கல்யாணம்" என்று உங்க கல்யாண போட்டோ ஃபோல்டர் இருந்தால்... வீட்டில் நீங்களே பதில் சொல்லிக்கொள்ளுங்கள்.

சரி, என்னதான்யா செய்யணும்? முதல் வேலை, பாஷ் ஸ்கிரிப்ட் தொடக்கத்தில் செட் கமாண்டோடு மைனஸ் இ, மைனஸ் யூ, பைப்ஃபெயில் மூணையும் போடுங்க. 'இ' போட்டால் கமாண்ட் தோத்ததும் ஸ்கிரிப்ட் நிற்கும். 'யூ' போட்டால் அறிவிக்காத வேரியபிளைத் தொட்டதும் நிற்கும். ஆனால் அறிவித்து, காலியாக இருக்கிற வேரியபிளை 'யூ' கண்டுக்காது. ஸ்டீம் கதை அதுதான். அங்கே வேரியபிளைச் சுருள் அடைப்புக்குறிக்குள் எழுதி, பெயருக்குப் பின்னால் ஒரு கோலனும் கேள்விக்குறியும் போடணும். காலியாக இருந்தால் அந்த இடத்திலேயே கத்திவிட்டு நின்றுவிடும். ரெண்டே ரெண்டு எழுத்துக் காவல்.

பைப்ஃபெயில் பத்தித் தனியாகச் சொல்லணும். பைப் போட்டு ரெண்டு கமாண்டைக் கோர்த்தால், கடைசி கமாண்ட் ஜெயித்ததா என்று மட்டும்தான் ஷெல் பார்க்கும். டேட்டாபேஸ் டம்ப் எடுத்து ஜிஜிப்புக்கு பைப் பண்ணுகிறோம். டம்ப் தோத்துப் போச்சு. ஜிஜிப் வெறும் காற்றைச் சுருக்கி 20 பைட்டுக்கு அழகான ஒரு ஃபைல் செய்து "வெற்றி" என்று சொல்லிவிடும். முன்பு நான் வேலை பார்த்த ஒரு கம்பெனியில் டெஸ்ட் சர்வருக்கு ஒரு காப்பி வேணும் என்று போய்ப் பார்த்தபோது, மாசக்கணக்கில் வரிசையாக 20 பைட் ஃபைல்கள்தான் கிடந்தன. யாரோ டேட்டாபேஸ் பாஸ்வேர்டை மாத்தியிருக்கிறார்கள், ஸ்கிரிப்டுக்குச் சொல்லவில்லை. அந்தச் சமயம் லைவ் டேட்டாபேஸ் நன்றாக இருந்ததால் தப்பித்தோம். மேனேஜர் சொன்னது: "ஸ்கிரிப்ட் தானே, ரெண்டு நிமிஷத்துல மாத்திடலாம்." ரெண்டு நிமிஷம்தான் சார், மாசக்கணக்கா யாருக்கும் அது கிடைக்கலையே!

இந்த விஷயத்தில் பெரிய தலைகளும் தப்பவில்லை. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு இன்ஜினியர் தப்பான சர்வரில் டேட்டாபேஸ் டைரக்டரியை அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி. அது கையால் அடித்த கமாண்ட், யாருக்கும் நடக்கும், அதை நான் குறை சொல்லவில்லை. அதுக்கப்புறம் பேக்கப்பைத் தேடினார்கள் பாருங்க, அதுதான் கதை. தினமும் ஓடிய பேக்கப் ஸ்கிரிப்ட், 9.6 டேட்டாபேஸுக்கு 9.2 வெர்ஷன் டம்ப் டூலை வைத்து ஓடி, தோத்துக்கொண்டே இருந்திருக்கிறது. தோத்ததைச் சொல்ல மெயில் அனுப்பியிருக்கிறது. அந்த மெயிலில் முறையான கையொப்பம் இல்லை என்று மெயில் சர்வர் திருப்பி அனுப்பியிருக்கிறது! வேறு காரணத்துக்காக ஆறு மணி நேரம் முன்பு கையால் எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் காப்பாத்தியது. நடுவில் சேர்ந்த டேட்டா போனது போனதுதான். நடந்ததை ஒளிக்காமல் ஊருக்கே எழுதினார்கள், அதுக்கு ஒரு சல்யூட்.

இனி எதிர்க்கட்சி. "ஷெல்லே வேண்டாம், எல்லாத்தையும் பைத்தானில் எழுது" என்று ஒரு கூட்டம். நூறு வரியைத் தாண்டினால் நானும் அந்தக் கட்சிதான். ஆனால் பைத்தானில் சப்ப்ராசஸ் மூலம் வெளி கமாண்டை ஓட்டும்போது, செக் என்கிற ஆப்ஷனை ட்ரூ என்று சொல்லாவிட்டால் அதுவும் தோல்வியைச் சத்தமில்லாமல் முழுங்கிவிடும். மொழி மாறினால் புத்தி மாறாது.

இன்னொரு கூட்டம், "செட் மைனஸ் இ-யை நம்பாதே, அதில் ஓட்டை இருக்கு" என்கும். இவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கு. இஃப் கண்டிஷனுக்குள் ஓடும் கமாண்ட் தோத்தால் 'இ' நிறுத்தாது. அந்த இஃப்-க்குள் ஒரு ஃபங்ஷனைக் கூப்பிட்டால், ஃபங்ஷன் முழுக்கவே 'இ' தூங்கிவிடும். லோக்கல் வேரியபிளை அறிவிக்கும் அதே வரியில் ஒரு கமாண்டின் விடையை வாங்கினால், அந்த கமாண்டின் தோல்வியும் மறைந்துவிடும். அறிவிப்பை ஒரு வரியிலும் விடையை அடுத்த வரியிலும் எழுதணும். ஹெல்மெட்டில் கால் அடிபடும் என்பதால் ஹெல்மெட்டே வேண்டாம் என்பீங்களா? ஷெல்செக் என்று ஒரு இலவச டூல் இருக்கு. கோட்ஸ் இல்லாத வேரியபிள், ஸ்டீம் மாதிரி காலியானால் ஊரை அழிக்கும் வரி, இந்த லோக்கல் சமாச்சாரம், எல்லாத்தையும் வரி எண்ணோடு காட்டிக்கொடுக்கும். ஜாவாவுக்கு ஆயிரத்தெட்டு செக் வைத்திருக்கும் பில்டில் இதையும் ஒரு வரி சேர்க்க யார் தடுத்தது?

இன்னொண்ணு, உபுண்டுவில் 2006-லிருந்து 'எஸ்எச்' என்றால் பாஷ் இல்லை, டாஷ். பாஷுக்கு எழுதின ஸ்கிரிப்டை எஸ்எச் போட்டு ஓட்டினால் முதல் வரியில் பாஷ் என்று எழுதியிருப்பதை அது மதிக்காது. "என் மெஷினில் ஓடுதே" கேஸ் பாதி இதுதான்.

நாளைக்கு ஆபீஸ் போனதும் உங்க சர்வரின் க்ரான்டேபைத் திறங்க. அதில் இருக்கிற ஸ்கிரிப்டுகளில் எதெல்லாம் எதையாவது அழிக்கிறது என்று மட்டும் பாருங்க. அதையெல்லாம் கிட்டில் ஏத்தி, உங்க டீமிலேயே அதிகமாகக் குறை சொல்லும் ஆளிடம் ரிவ்யூவுக்கு அனுப்புங்க. கடைசி பேக்கப் ஃபைலின் சைஸையும் அப்படியே பார்த்துடுங்க.

டிஸ்கி: ஒரு கமாண்டைக்கூட காப்பி பண்ணுகிற மாதிரி எழுதலையே என்று கேட்பவர்களுக்கு: வேணும்னேதான். அழிக்கிற வரியை நீங்களே ஒவ்வொரு எழுத்தாக டைப் அடிங்க.