தீர்ப்பு வேண்டும், காரணம் வேண்டாமா?

கலைக்களஞ்சியம் என்றால் அது அமைதியாக இருக்க வேண்டும் என்கிறார் பேராசிரியர் ஒருவர். அறிஞர் எழுதுவார், பதிப்பாசிரியர் செப்பனிடுவார், அச்சேறிய பிறகு மறுபேச்சு கிடையாது; விக்கிப்பீடியாவிலோ முகம் தெரியாதவர்கள் உரையாடல் பக்கத்தில் குழாயடிச் சண்டை போடுகிறார்கள், கடைசிவரை களைக்காமல் நின்றவன் எழுதியதே உண்மையாகிவிடுகிறது, ஆகவே கருத்து வேறுபாடு எழும் பக்கங்களை எல்லாம் அறிஞர் குழு ஒன்றின் கையில் ஒப்படைக்க வேண்டும் என்று சென்ற இதழில் எழுதியிருக்கிறார். குற்றச்சாட்டு பெரிது. அதற்கான விசாரணைதான் அவர் கட்டுரையில் எங்கும் இல்லை.

அமைதியிலிருந்தே தொடங்குவோம். அச்சுக் கலைக்களஞ்சியங்களுக்குள் சண்டை நடக்கவில்லை என்று இவருக்கு யார் சொன்னது? பதினெட்டாம் நூற்றாண்டுப் பாரிசில் திதரோ தன் வாழ்நாளின் பல ஆண்டுகளைக் கொட்டி உருவாக்கிய கலைக்களஞ்சியத்தின் கடைசித் தொகுதிகளை, அவர் மெய்ப்புப் பார்த்து ஒப்புதல் தந்த பிறகு, அரசுக்கும் திருச்சபைக்கும் அஞ்சிய பதிப்பாளர் லெ ப்ரெதோன் திருட்டுத்தனமாக வெட்டித் தள்ளினார். 1764இல் தன் கட்டுரை ஒன்றைத் தேடிப் புரட்டியபோதுதான் ஆசிரியருக்கே அது தெரியவந்தது. எவையெல்லாம் வெட்டப்பட்டன என்பது வாசகருக்கோ, வெட்டுப்பட்ட மெய்ப்புத் தாள்கள் கண்டெடுக்கப்பட்ட இருபதாம் நூற்றாண்டு வரை தெரியவே இல்லை. பேராசிரியர் ஏங்கும் அமைதி இதுதான். அறிவார்ந்த ஒரு தரப்பின் வாயைப் பணமும் பயமும் சேர்ந்து அடைத்ததால் கிடைத்த அமைதி.

அதைவிடத் தெளிவான சான்று சோவியத் பெருங்கலைக்களஞ்சியம். இரண்டாம் பதிப்பில் உளவுத்துறைத் தலைவராக இருந்த லவ்ரெந்தி பெரியாவைப் புகழ்ந்து படத்தோடு வந்த கட்டுரை, 1953இல் அவர் வீழ்த்தப்பட்டுக் கொல்லப்பட்டதும் வேண்டாததாகிவிட்டது. சந்தாதாரர்களுக்குப் புதிய பக்கங்கள் அஞ்சலில் போயின; பழைய தாள்களைக் கத்தரித்து எடுத்துவிட்டு, பெரிங் கடலைப் பற்றி நீட்டி எழுதிய இந்தத் தாள்களை அந்த இடத்தில் ஒட்டிக்கொள்ளும்படி அறிவுறுத்தலும் வந்தது. அந்தக் களஞ்சியத்தை எழுதியவர்களும் பேராசிரியர்கள்தான், கல்விக்கழக உறுப்பினர்கள்தான். பட்டத்துக்கு அங்கே பஞ்சமே இல்லை. வாசகன் கையில் ஒரு ‘வரலாறு’ பக்கம் இல்லை, அவ்வளவுதான். விக்கிப்பீடியாவில் ஒரு காற்புள்ளியை மாற்றினாலும் யார், எந்த நாளில், எந்த நிமிடத்தில் மாற்றினார், காரணம் சொல்லியிருந்தால் என்ன காரணம் என்பது பதிவாகிறது. அழிக்கப்பட்ட வாக்கியத்தைப் பொதுவாக எவரும் எடுத்துப் படிக்கலாம். அதற்காக நடந்த வாக்குவாதம் உரையாடல் பக்கத்தில் கையொப்பங்களோடு கிடக்கிறது. குழாயடி என்று இவர் மூக்கைப் பொத்திக்கொள்ளும் இடம், முடிவுக்கு எப்படி வந்தார்கள் என்பதை வாசகனே சரிபார்க்கும்படி திறந்துவைத்திருக்கும் இடம். உலகின் எந்த அச்சுக் கலைக்களஞ்சியம் தன் வாசகனை இந்த அளவுக்கு மதித்தது?

அடுத்து, களைக்காமல் நின்றவன் வெல்கிறான் என்ற வாதம். இதை எழுதுவதற்கு முன் ஒரு தொகுப்புப் போர், அதாவது ஒருவர் எழுதியதை மற்றவர் மாறி மாறி நீக்கும் சண்டை, எப்படி முடிவுக்கு வருகிறது என்று அவர் பத்து நிமிடம் பார்த்திருந்தால் போதும். ஆங்கில விக்கிப்பீடியாவில் 2004 முதல் நடைமுறையில் இருக்கும் விதிப்படி, ஒரே பக்கத்தில் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் பிறர் தொகுப்பை முன்நிலையாக்குகிறவர் (பழைய நிலைக்கு மாற்றுகிறவர்), பொதுவாக, சொல்லும் செய்தி சரியாகவே இருந்தாலும் தடைசெய்யப்படலாம். விடாப்பிடியைத் தண்டிப்பதற்கென்றே எழுதப்பட்ட விதி அது! இருவர் மோதினால் சம்பந்தமில்லாத மூன்றாமவரின் கருத்தைக் கேட்கலாம். அதிலும் தீராவிட்டால் பொதுவில் கருத்து வேண்டிப் பலரை அழைக்கலாம். வந்தவர்களின் தலையை எண்ணாமல், அவர்கள் காட்டிய சான்றையும் சொன்ன காரணத்தையும் எடைபோட்டு, வாதத்தில் கலந்துகொள்ளாத ஒருவர் முடிவை எழுதுகிறார். தமிழ் விக்கிப்பீடியர்கள் இணக்க முடிவு என்று சொல்வது இதைத்தான். பொறுமைசாலிக்கு இதில் ஆதாயம் அறவே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். நேரம் உள்ளவன் நீதிமன்றத்திலும் வெல்கிறான், சட்டமன்றத்திலும் வெல்கிறான், பல்கலைக்கழக ஆட்சிமன்றக் குழுவிலும் வெல்கிறான் என்பதைப் பேராசிரியர் என்னைவிட நன்றாக அறிவார். அங்கெல்லாம் கதவைப் பூட்ட வேண்டும் என்று அவர் எழுதியதாக நினைவில்லை.

ஆங்கில விக்கிப்பீடியாவின் நடுவர் குழுவைப் பற்றி அவர் எழுதியிருப்பது வெறும் பிழை. எது உண்மை என்று தீர்ப்புச் சொல்லும் உச்ச நீதிமன்றம் அது என்கிறார். விக்கிப்பீடியாவை நிறுவியவர்களில் ஒருவரான ஜிம்மி வேல்ஸ் 2003 இறுதியில் அறிவித்து 2004இல் பணியைத் தொடங்கிய அந்தக் குழு, கட்டுரையின் உள்ளடக்கத்தைத் தீர்ப்பதில்லை. தொகுப்பவர்களின் நடத்தையைத்தான் விசாரிக்கிறது. 2009இல் சயன்டாலஜி வழக்கில் அந்த அமைப்பின் கணினி முகவரிகளிலிருந்து தொகுப்பதற்குத் தடைவிதித்தபோது, சயன்டாலஜி என்ற மதம் மெய்யா பொய்யா என்று குழு ஒரு வார்த்தை சொல்லவில்லை. எதிர்த்தரப்பில் வரம்பு மீறியவர்கள் சிலரையும் அதே வழக்கில் தண்டித்தது. விமர்சிக்கப் புகுந்த அமைப்பின் முதல் விதியைக்கூடப் படிக்காமல் விமர்சிப்பவரை அறிஞர் என்று ஏன் அழைக்க வேண்டும்?

அவர் தேர்ந்தெடுத்த எடுத்துக்காட்டைப் பாருங்கள். ஸ்டார் டிரெக் படத் தலைப்பில் ‘இன்டு’ என்ற சொல்லின் முதலெழுத்தைப் பெரிதாகப் போடுவதா சிறிதாகப் போடுவதா என்று 2013ஐ ஒட்டி நாற்பதாயிரம் சொற்களுக்குமேல் ஓடிய விவாதம். ஆமாம், நடந்தது, வீண்தான். ஆனால், 2005இல் ஒரு நகரத்தின் பெயர் தொடர்பாக நடந்ததை இவர் ஏன் தொடவில்லை? போலந்தியர் குடான்ஸ்க் என்றும் செருமானியர் டான்சிக் என்றும் அழைக்கும் நகரம் அது. இரண்டாம் உலகப்போர் வெடித்த ஊர். எந்தப் பெயரை எழுதுவது என்பதில் ஒவ்வொரு கட்டுரையிலும் நடந்த இழுபறி, வாக்கெடுப்பு ஒன்றில் முடிந்தது: 1308க்கு முன்னும் 1945க்குப் பின்னும் குடான்ஸ்க், இடைப்பட்ட காலத்துக்கு டான்சிக். பெயரைக் காலத்தோடு கட்டிய இந்தத் தீர்வு இரு தரப்பின் வரலாற்றையும் மறைக்கவில்லை. எந்த அறிஞர் குழுவும் இதைத் தரவில்லை. பேராசிரியர் இகழும் தொண்டர்கள்தான் தந்தார்கள்.

தமிழ் வாசகருக்காகத் தமிழில் எழுதும் ஒருவர், ஹாலிவுட் தலைப்பைத் தேடிப் போனவர், இலங்கையைப் பற்றி வாய் திறக்காதது எனக்குப் பொறுக்கவில்லை. 2006இல் போர் மீண்டும் மூண்டு, செய்தியும் பரப்புரையும் பிரித்தறிய முடியாதபடி கலந்துகிடந்த காலத்தில், ஆங்கில விக்கிப்பீடியாவின் இலங்கைக் கட்டுரைகள் நாள்தோறும் போர்க்களமாயின. அப்போது இரு தரப்பு அனுதாபிகளும் வெளியாட்களும் சேர்ந்து நல்லிணக்கத் திட்டம் ஒன்றை அமைத்தார்கள். பிணக்குத் தீர்வு உடன்பாடு எழுதினார்கள். முன்நிலையாக்குவதற்குப் பொது விதியைவிடக் கடுமையான கட்டுப்பாட்டைத் தாங்களே ஏற்றுக்கொண்டார்கள். தமிழ்நெட் செய்தித்தளத்தை மேற்கோள் காட்டலாம், புலிகள் சார்பானது என்று வாக்கியத்திலேயே சொல்ல வேண்டும். பாதுகாப்பு அமைச்சை மேற்கோள் காட்டலாம், அரசுத் தரப்பு என்று சொல்ல வேண்டும். உறவினரைப் போரில் இழந்தவர்கள் இருக்கக்கூடிய ஒரு மேசையில் இந்த ஒழுங்கு உருவானது. எல்லாச் சண்டையும் ஓய்ந்துவிடவில்லை. ஆனால், அதே ஆண்டுகளில் கொழும்பிலோ சென்னையிலோ எத்தனை பத்திரிகைகள் தங்கள் செய்தியின் ஊற்று எந்தத் தரப்பு என்று வரிக்கு வரி வாசகனிடம் ஒப்புக்கொண்டன? இதைத் தெரிந்தும் மறைத்தாரா, தெரியாமலே தீர்ப்பெழுதினாரா? இரண்டில் எது அவருக்குக் கௌரவம் என்று அவரே சொல்லட்டும்.

அறிஞர் குழு என்ற மருந்தும் புதிதல்ல, ஏற்கெனவே கொடுத்துப் பார்த்ததுதான். விக்கிப்பீடியாவுக்கு முன் 2000இல் தொடங்கிய நியூபீடியா, வல்லுநர் எழுதி ஏழு கட்ட மதிப்பாய்வைத் தாண்டினால்தான் கட்டுரை வெளியாகும் என்று வைத்திருந்தது. முதல் ஆண்டில் தேறியவை இருபது கட்டுரைகள் அளவில், 2003இல் மூடுவிழா. அதன் தலைமைப் பதிப்பாசிரியராக இருந்த லாரி சாங்கர், விக்கிப்பீடியாவை விட்டு விலகி 2006இல் அறிவித்த சிட்டிசண்டியம் என்ற இணையக் கலைக்களஞ்சியம், உண்மைப் பெயர் கட்டாயம், வல்லுநர் சொல்லே இறுதி என்று பேராசிரியரின் கனவை அப்படியே செயல்படுத்தியது. அதை இன்று யார் திறந்து பார்க்கிறார்கள்? பேராசிரியரே பார்த்திருந்தால் தன் கட்டுரையில் அதை மென்று விழுங்கியிருக்கமாட்டார்.

பட்டத்தைக் கேட்டு வாதத்தை முடிப்பதில் இருக்கும் ஆபத்தும் 2007இல் அம்பலமானது. இறையியல் பேராசிரியர் என்று சொல்லிக்கொண்டு, அந்தத் தகுதியை முன்வைத்தே சில வாதங்களில் மற்றவர்களை மடக்கிய ஒரு நிர்வாகி, நடுவர் குழு வரை உயர்ந்தவர், உண்மையில் இருபத்து நான்கு வயது இளைஞர், உயர்பட்டம் எதுவும் இல்லாதவர் என்று தெரியவந்தது. பட்டங்களைச் சரிபார்க்கலாம் என்று வேல்ஸே யோசனை சொன்னார், தொண்டர்கள் ஏற்கவில்லை. பட்டம் பொய்யாக இருந்தது ஒரு குற்றம், பட்டத்தைக் கேட்டுச் சான்றைக் கேட்காமல் விட்டது அதைவிடப் பெரிய குற்றம் என்று அவர்களுக்குப் புரிந்திருந்தது.

கேள்வி கேட்க முடியாத சிறு குழுவின் கையில் எல்லாம் போனால் என்ன ஆகும் என்பதற்குக் குரோவேசிய விக்கிப்பீடியா இருக்கிறது. சில நிர்வாகிகள் கைகோத்து, எதிர்த்தவரைத் தடைசெய்து, இரண்டாம் உலகப்போர்க்கால யாசெனோவாட்ஸ் வதைமுகாமின் கொடுமையைக் குறைத்துக்காட்டும் அளவுக்கு வரலாற்றைத் திரித்தார்கள். 2013இல் அந்நாட்டுக் கல்வி அமைச்சரே மாணவர்களை எச்சரித்தார். விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளையின் அறிக்கை 2021இல்தான் வந்தது. இது வெட்கக்கேடான தாமதம், இதற்குச் சப்பைக்கட்டு கட்ட நான் வரவில்லை. ஆனால், அந்தத் திரிபுகளை வரி வரியாக நிறுவ முடிந்தது ஒவ்வொரு தொகுப்பும் வரலாற்றுப் பக்கத்தில் இருந்ததால்தான். பேராசிரியர் கேட்பதோ, அந்த நிர்வாகிகளுக்கு இருந்த அதிகாரத்தை, அவர்களுக்கு இல்லாத மரியாதையோடு, நிரந்தரமாக ஒரு குழுவுக்குத் தர வேண்டும் என்று.

முரண்பாட்டையும் சொல்லிவிடுகிறேன். முதல் பக்கத்தில் விதியே இல்லாத கும்பல் என்றவர், நான்காம் பக்கத்தில் விதிக்கு மேல் விதி போட்டுப் புதியவரை விரட்டும் அதிகாரக் கூட்டம் என்கிறார். எது? இரண்டுக்கும் நடுவே, போகிற போக்கில் ஒரு பத்தி: ஓர் எழுத்தாளரைப் பற்றி அவர் சேர்த்த செய்தியை யாரோ நீக்கிவிட்டுச் சான்று கேட்டார்களாம், நாற்பது ஆண்டு கற்பித்தவரிடமே சான்றா என்று பொங்குகிறார். கட்டுரை முழுவதும் எங்கிருந்து பிறந்தது என்பது இங்கே விளங்கிவிடுகிறது. ஆய்வேட்டில் அடிக்குறிப்பு இல்லாத அத்தியாயத்தைத் திருப்பி அனுப்பும் அதே கை, தன் வாக்கியத்துக்கு அடிக்குறிப்புக் கேட்டதும் நடுங்குகிறது. அவர் அறிந்த செய்தி உண்மையாகவே இருக்கலாம். அதை ஓர் ஆய்விதழில் வெளியிடட்டும்; அடுத்த நாளே எவரும் அதைச் சான்றாகக் காட்டிக் கட்டுரையில் சேர்க்க முடியும்.

அவர் சொல்லியிருக்க வேண்டிய உண்மையான குறை ஒன்று உண்டு, அதை அவர் பார்க்கவே இல்லை. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவுக்கு நடுவர் குழு கிடையாது. ஈழத்திலும் தமிழகத்திலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் சிதறியிருக்கும் சிறு கூட்டம், உரையாடல் பக்கத்திலும் ஆலமரத்தடி என்னும் பொது விவாதப் பக்கத்திலும் பேசித்தான் தீர்க்க வேண்டும். இருவர் மோதும்போது இருவரையும் சாராத மூன்றாமவர் கிடைப்பது அரிது. கிடைக்காதபோது ஒருவர் சலித்து ஒதுங்கிவிடுகிறார், அவரோடு அவர் எழுதவிருந்த கட்டுரைகளும் போய்விடுகின்றன. தமிழுக்கு நேரும் இந்த இழப்பு எனக்கு வலிக்கிறது. சான்று தேடத் தெரிந்த, தமிழ் எழுதத் தெரிந்த, எந்தத் தரப்பையும் சாராத இளைஞர்கள் நூறு பேர் வந்தால் பாதிப் பிணக்குகள் தீரும். அப்படிப்பட்ட இளைஞர்கள் ஆண்டுதோறும் அவருடைய வகுப்பறையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களை விக்கிப்பீடியாவின் பக்கமே போகக் கூடாது என்று தடுத்துவைத்திருப்பதாகக் கட்டுரையின் கடைசிப் பத்தியில் பெருமையோடு எழுதியிருக்கிறார். அந்தத் தடையை எந்தச் சான்றின் பேரில் விதித்தார், அதை எதிர்த்துப் பேச அந்த மாணவர்களுக்கு எந்த உரையாடல் பக்கத்தைத் திறந்துவைத்தார்?