அறுந்த நூலும் வளைந்த கதிரும்

சென்ற மாதம் எங்கள் பள்ளி மாணவி ஒருத்தி புதிய பெட்டி இராட்டினம் ஒன்றைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தாள். "எனக்குக் கைவரவில்லை, ஐயா. இதை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள்" என்றாள். ஒரு வாரமாக முயன்றும் முழ நூல்கூட அறாமல் வரவில்லையாம். நான் சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் கதிரின் நுனியைக் கவனித்தேன். கதிர் நேராயிருந்தால் அந்த நுனி சுழல்வதே தெரியாது. அசையாத புள்ளிபோல் நிற்கும். இதுவோ சிறு வளையம் போட்டுக்கொண்டிருந்தது. குற்றம் குழந்தையின் கையில் இல்லை.

நமது திருப்பூரிலே பனியன் துணியில் நெடுகக் கோடு விழுந்தால் அநுபவமுள்ள தொழிலாளி முதலில் பார்ப்பது ஊசியைத்தான். வீட்டில் நூற்கத் தொடங்குவோர் மட்டும் கருவியைச் சந்தேகிப்பதில்லை. தம்மையே நொந்துகொண்டு இராட்டினத்தைப் பரண்மேல் ஏற்றிவிடுகிறார்கள். 1925-இல் அகில பாரத சர்க்கா சங்கம் தோன்றிய பின் அதன் தமிழ்நாட்டுக் கிளை இருந்த ஊர் இது. இங்கேயே இப்படி நடப்பது வருத்தந்தான்.

வளைந்த கதிரைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. மரக்கட்டையின்மேல் வைத்து, மேடான இடத்தைக் கண்டு, சிறு சுத்தியால் மெல்லத் தட்டுக. ஒரு தட்டு, ஒரு சோதனை என்று பொறுமையாகச் செய்ய வேண்டும். ஆத்திரத்தோடு ஓங்கி அடித்தால் வளைவு மறுபக்கம் போய்விடும். நான் இவ்விதம் இரண்டு கதிர்களைப் பாழாக்கியவன். நுனியில் பிசிறு இருந்தாலும் நூல் சிக்கி அறும். மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தால் சரியாகிவிடும்.

அடுத்தது கயிறு. அது தளர்ந்தால் சக்கரம் சுற்றும், கதிர் சுற்றாது. முறுக்கேறாத நூல் பஞ்சாகப் பிரிந்து போகும். மிகவும் இறுகினால் சக்கரம் கனக்கும், கை சோரும். பருத்திக் கயிறு ஈரத்தில் சுருங்கி இறுகும், வெயிலில் தளரும். ஆகவே காலையில் சரியாக இருந்தது மாலையிலும் அப்படியே இருக்கும் என்று எண்ணலாகாது. கயிறு அடிக்கடி கழன்று விழுந்தால், சக்கரமும் கதிரின் உருளையும் ஒரே நேர்கோட்டில் இல்லை என்று பொருள்.

கதிர் கிறீச்சிட்டால் அது தங்கும் காதுகளில் ஒரு சொட்டு எண்ணெய் போதும். தாராளமாக விட்டால் நூலில் கறை ஏறும்.

இத்தனையும் சரியாக இருந்தும் நூல் கதிரில் சுற்றிக்கொண்டே போகிறதா? நூற்கும்போது நூலைக் கதிருக்குச் சாய்வாகப் பிடித்தால்தான் அது நுனியில் வழுக்கி வழுக்கி முறுக்கேறும். குறுக்காகப் பிடிப்பது, நூற்ற நூலைச் சுற்றும்போது மட்டுமே. நூல் சுருண்டு முடிச்சு முடிச்சாக நின்றால் முறுக்கு மிகுதி. சக்கரத்தை நிதானமாகச் சுற்றி, பஞ்சை இன்னும் சற்று விரைவாக இழுக்க வேண்டும்.

இனி பஞ்சு. காந்தியடிகள் 1909-இல் 'இந்திய சுயராஜ்ய'த்தை எழுதியபோது இராட்டினத்தைக் கண்ணால் கண்டதில்லை. பிற்பாடு கங்காபென் என்னும் அம்மையார் விஜாப்பூரில் அதைத் தேடிக் கண்டுபிடித்தார். உடனே எழுந்த கேள்வி, பஞ்சுத் திரிக்கு எங்கே போவது என்பதுதான்! அது இன்றும் தீர்ந்தபாடில்லை. தூசும் முண்டும் முடிச்சுமாக இருக்கும் திரியில் எந்தக் கதிரும் நூல் தராது. அதிகம் காய்ந்த பஞ்சும் அறும். மில்களில் காற்றை ஈரப்படுத்துவது இது பற்றியே. சித்திரை வெயிலில் நூற்பவர்கள் நடுப்பகலைத் தவிர்த்து விடியற்காலையில் உட்காரலாம்.

கருவியின் குறை பெரியோர் அறியாததல்ல. 1929-இல் சர்க்கா சங்கம் சிறந்த இராட்டினத்துக்கு ஒரு லட்ச ரூபாய் பரிசு அறிவித்தது. நிபந்தனைகள் அத்தனையையும் நிறைவேற்றிய பொறி ஒன்றுகூட வரவில்லை. இருபது ஆண்டுகள் கழித்து, பின்னர் அம்பர் சர்க்கா என்று பெயர் பெற்றதற்கு வழி கண்டவர் தமிழ்நாட்டு ஏகாம்பரநாதன்.

அந்த மாணவியின் கதிரை நிமிர்த்த அரைமணி நேரம் பிடித்தது. அவள் உட்கார்ந்து இழுத்தாள். மூன்று முழம் வந்தது, அறுந்தது, மறுபடி ஐந்து முழம் வந்தது. இராட்டினத்தை யாருக்குக் கொடுப்பது என்ற பேச்சே பிறகு எழவில்லை. கயிறு சற்றுத் தளர்ச்சிதான். திங்கட்கிழமை மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.