சொல்லி முடிக்கட்டும்

“அ... அ... அம்மா, எனக்கு...” அதற்குமேல் வார்த்தை வரவில்லை. கையிலிருந்த பொம்மைக் காரைச் சுவரில் வீசினான் என் நான்கு வயது மகன். “பால்தானே வேணும்? மெதுவாப் பேசு கண்ணா” என்று அவனுக்காக நானே முடித்துவைத்தேன். அவன் கேட்க வந்தது பால் அல்ல என்பது அவன் அழுகையில் தெரிந்தது.

100 குழந்தைகளில் ஏறக்குறைய 5 பேருக்கு இப்படித் திக்கல் வரும். பெரும்பாலும் 2 முதல் 5 வயதுக்குள் தொடங்கும். பலருக்குத் தானாகவே நின்றுவிடும், சிலருக்குத் தொடரும். மரபணுவுக்கும் மூளை பேச்சை இயக்கும் விதத்துக்கும் இதில் பங்குண்டு. “உங்கள் வளர்ப்பு காரணமில்லை” என்று பேச்சுச் சிகிச்சையாளர் சொன்னபோது, என் பாரம் பாதி இறங்கியது.

ஆனாலும் கோபம், அவசரம், அதிக உற்சாகம் எல்லாம் திக்கலைக் கூட்டலாம். திக்கினால் எரிச்சல், எரிச்சலில் இன்னும் திக்கல். அதனால் முதலில் உணர்ச்சிக்குப் பெயர் சொல்லப் பழகினோம். அட்டையில் நான்கு முகங்கள்: மகிழ்ச்சி, கோபம், சோகம், பயம். மகன் கோப முகத்தைத் தொட்டான். பிறகு, சூடான மைலோவை ஊதி ஆற்றுவதுபோல் மெல்ல மூச்சுவிடும் விளையாட்டு.

“அவன் திக்கும்போது ‘ஊது’ என்று சொல்லாதீர்கள். அது திட்டுவதுபோல் கேட்கும். அமைதியாக இருக்கும்போது பழகட்டும்” என்றார் சிகிச்சையாளர்.

எனக்கும் வீட்டுப்பாடம் இருந்தது. தினமும் 5 நிமிடம் கைப்பேசி இல்லாமல் அவன் விருப்பப்படி விளையாட வேண்டும். நான் நிதானமாகப் பேச வேண்டும். அவன் முடிக்கும்வரை முகம் பார்த்துக் காத்திருக்க வேண்டும். அலுவலக வேகத்திலேயே வீட்டிலும் ஓடிய எனக்கு, அந்தக் காத்திருப்புதான் கடினமாக இருந்தது. முதல் வாரம் பொறுமை இழந்தது அவனல்ல, நான்தான்.

போன மாதம் பாட்டி வீட்டில் சாப்பாடு. “பாட்டி, எ... எனக்கு...” என்றான். “அப்பளமா?” என்றார் என் அம்மா. அவன் கை இறுகியது. காரை வீசியது என் நினைவுக்கு வந்தது. மெல்ல ஊதினான்.

“பாட்டி, நா... நான் இன்னும் சொல்லி மு... முடிக்கல.”

அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார். அவன் கேட்டது ரசம்.

திக்கல் இன்னும் போகவில்லை. ஆனால் அவன் பேசுவதை நிறுத்தவில்லை. உங்கள் பிள்ளைக்குத் திக்கல் சில மாதங்களாகத் தொடர்ந்தாலோ, பேசவே தயங்கினாலோ, பலதுறை மருந்தக மருத்துவரிடம் சொல்லுங்கள். அதுவரை, வாக்கியத்தைப் பிள்ளையே முடிக்கட்டும்.