குளிர்ப் பெட்டியும் குடியானவனும்

ஓசூரிலிருந்து மாலூருக்குப் போகும் சாலையில், கர்நாடக எல்லையை ஒட்டினாற்போல் அமைந்திருக்கிறது பாகலூர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே சந்தையில் பேரம் பேசும் ஊர் அது. கடல் மட்டத்துக்குச் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பீடபூமியாகையால், சூரிய பகவான் இங்கே தமது பிரதாபத்தைச் சற்று அடக்கிக் கொள்கிறார். முட்டைக்கோஸும் பீன்ஸும் குடைமிளகாயும் தக்காளியும் ரோஜாவும் செழித்து வளர்கின்றன. சமுத்திரமோ வெகு தூரத்துக்கு அப்பால் இருக்கிறது. அப்படியிருக்க, கப்பலைப் பற்றிப் பேசப் புகுந்த நாம் பாகலூரில் வந்து நிற்பானேன் என்று நேயர்கள் கேட்கலாம்.

காரணம் உண்டு. இவ்வட்டாரத்துக் குடியானவருக்கு விளைவிக்கத் தெரியும், விற்கவும் தெரியும், காத்திருக்க மட்டும் முடியாது. முட்டைக்கோஸ் விலை சரிந்துவிட்ட பருவத்தில், அறுவடைக் கூலிக்குக்கூடக் கட்டாது என்று நின்ற பயிரின் மீதே டிராக்டரை ஓட்டி உழுதுவிடுவது ஓசூர்ப் பக்கத்தில் புதுமையன்று. நாளைக்கு அழுகப் போகும் சரக்கை இன்றைக்குக் கையில் வைத்திருப்பவனுக்குச் சந்தையில் குரல் ஏது? வாங்குபவன் சொன்னதே விலை. குளிர் என்பது அவனுக்கு நாட்களை வாங்கித் தரும் பொருள். உலகத்தின் பல தேசங்கள் இந்த உண்மையை நூறாண்டுகளுக்கு மேலாக அறிந்து காசாக்கி வருகின்றன.

கிருஷ்ணகிரி ஜில்லாச் சரக்கு கடல் கடக்கவில்லையா என்றால், தாராளமாகக் கடக்கிறது. ஆனால் அது குளிரின் உதவியால் அன்று. நெருப்பின் உதவியாலும் புளிப்பின் உதவியாலும். கிளிமூக்கு என்றும் பெங்களூரா என்றும் வழங்கும் மாம்பழத்தைக் கூழாக்கி, சூடேற்றிக் கிருமி நீக்கி, காற்றுப் புகாத பைகளில் நிரப்பிப் பீப்பாய்களில் அடைத்து அரேபியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் அனுப்புகிறார்கள். 1990-களில் கர்நாடகத்தில் தொடங்கித் தமிழ்நாட்டுக்கும் பரவிய கெர்கின் என்னும் சிறு வெள்ளரி, உப்பு நீரிலும் வினிகரிலும் ஊறிக்கொண்டே பிரயாணம் செய்கிறது. 2020-21-ல் வெள்ளரியும் கெர்கினுமாக இந்தியாவிலிருந்து இரண்டு லட்சம் டன்னுக்கு மேல் ஏற்றுமதியாயின. நல்ல வியாபாரந்தான். ஆயினும் கூழுக்கு வாங்கும் ஆலைக்காரர் வாங்காமல் நிறுத்திவிட்டால் மாம்பழம் போக வேறு வழியில்லை. 2025-ல் அண்டையிலுள்ள ஆந்திரத்தில் இந்தப் பழத்துக்கு விலை விழுந்தபோது, ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாய் தரவேண்டும், அரசாங்கம் 4 ரூபாய் சேர்த்துக் கொடுக்கும் என்று ஏற்பாடு செய்யும்படி ஆயிற்று.

குளிரைக் கப்பலேற்றிய கதை நமது தேசத்துக்கு அந்நியமானதன்று. 1833-ம் வருஷத்தில் பிரெடரிக் டியூடர் என்ற அமெரிக்க வணிகர், பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் உறைந்த பனிக்கட்டியை வெட்டி 'டஸ்கனி' என்ற பாய்மரக் கப்பலில் கல்கத்தாவுக்கு அனுப்பினார். ஏற்றியது சுமார் 180 டன். நான்கு மாதம் கழித்து வந்து சேர்ந்தது சுமார் 100 டன். மிச்சத்தைக் கடல் குடித்துவிட்டது. சென்னைக் கடற்கரையில் 1842-ல் அவர் வியாபாரத்துக்காக எழுந்த கட்டிடந்தான் ஐஸ் ஹவுஸ். பிற்பாடு 1897-ல் விவேகானந்த சுவாமிகள் தங்கிப் புனிதமாக்கிய அதே மாளிகை. பனிக்கட்டி விற்ற இடத்தில் அக்கினிப் பிரசங்கங்கள் நிகழ்ந்தன என்பது விதியின் விளையாட்டு.

பனிக்கட்டியை விற்பது ஒன்று. பனியைக் கொண்டு பிறிதொரு பண்டத்தைக் காப்பது வேறொன்று. அதைச் சாதித்துக் காட்டிய கப்பல்களுள் புகழ் பெற்றது 'டனீடின்'. 1882 பிப்ரவரி 15-ந் தேதி நியூஸிலாந்திலிருந்து சுமார் ஐயாயிரம் உறைந்த இறைச்சி உருப்படிகளுடன் புறப்பட்டு, 98 நாள் கழித்து லண்டனை அடைந்தது. அத்தனையிலும் கழித்து எறியப்பட்டது ஒன்றே ஒன்று. நடுவழியில், உஷ்ணப் பிரதேசத்தில், குளிர்ந்த காற்று சரக்கறை முழுவதும் பரவவில்லை என்று கண்டு, காப்டன் விட்ஸன் தாமே உள்ளே ஊர்ந்து சென்று காற்று வழிகளை அறுத்துத் திறந்தார். குளிரில் உடம்பு மரத்துப் போய்விடவே, காலில் கயிறு கட்டி அவரை வெளியே இழுக்க வேண்டியிருந்ததாம்! அன்று அவர் கண்ட பாடமே இன்றைக்கும் பாடம்: குளிர் உண்டாக்குவது பாதி வேலை; அது ஒவ்வொரு மூட்டையையும் தொட்டுச் செல்ல வழி விடுவது மறுபாதி.

இப்போது சரக்குகள் 'ரீபர்' என்று துறைமுகத்தார் சொல்லும் குளிர்ப் பெட்டிகளில் போகின்றன. நாற்பது அடி நீளம். இருபது டன்னுக்கு மேல் கொள்ளும். சாலையில் தனி ஜெனரேட்டரும், கப்பலில் மின்சார இணைப்பும் அதற்கு உயிர். தரையிலுள்ள பள்ளங்கள் வழியாகக் குளிர்காற்று கிளம்பி, சரக்கினூடே மேலெழுந்து, யந்திரத்துக்குத் திரும்புகிறது. உள்ளே ஒரு சிவப்புக் கோடு உண்டு. அதற்கு மேல் அடுக்கினால் காற்றுக்குத் திரும்பும் வழி அடைபட்டுப் போகும். இன்னும் நாலு பெட்டி ஏற்றலாமே என்ற பேராசை எத்தனை சரக்கை வேக வைத்திருக்கிறதோ!

இங்கே பலர் அறியாத சங்கதி ஒன்று உண்டு. இந்தப் பெட்டி சூடான சரக்கைக் குளிர வைப்பதற்காக ஏற்பட்டதன்று. குளிர்ந்த சரக்கைக் குளிர்ந்தபடியே காப்பதற்காக ஏற்பட்டது. வெயிலில் பறித்த காயை அப்படியே ஏற்றிக் கதவைச் சாத்தினால், நடுவிலிருப்பது பல நாள் வரை புழுங்கிக்கொண்டேயிருக்கும். மேலும், எல்லாப் பண்டத்துக்கும் ஒரே குளிர் ஒவ்வாது. இறாலுக்குப் பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரி வேண்டும். மாம்பழத்துக்கோ 12, 13 டிகிரிக்குக் கீழே போனால் தோல் கறுத்து, பழுக்கும் சக்தியே போய்விடும். ரோஜா பூஜ்யத்தை ஒட்டிய குளிரில் சுகமாக உறங்கும். ஆனால் பழுக்கும் பழங்கள் விடும் எதிலீன் வாயு பட்டால் இதழ் உதிர்ந்துவிடும். மாம்பழத்தையும் ரோஜாவையும் ஒரே பெட்டியில் அனுப்புவது, மாமியாரையும் மருமகளையும் ஒரே அடுக்களையில் விடுவது போலாகும். சேதம் மருமகளுக்குத்தான்.

இறால் விஷயத்தில் நமது தேசம் இந்த வித்தையை நன்றாகவே கற்றுவிட்டது. 1953-ல் கொச்சியிலிருந்து உறைந்த இறால் 13 டன் அமெரிக்காவுக்குப் போயிற்று. 2023-24-ல் கடலுணவு ஏற்றுமதி 17.8 லட்சம் டன்; மதிப்பு 60,523 கோடி ரூபாய்; அதில் பெரும்பங்கு உறைந்த இறாலுக்கே. வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்ட தூத்துக்குடியிலிருந்து, அவர் பெயர் தாங்கிய துறைமுகத்தின் வழியாகவும் இப்பெட்டிகள் போகின்றன. ஏற்றிச் செல்பவை பெரும்பாலும் அந்நியக் கப்பல்கள் என்பதை நினைக்கும்போது மட்டும் மனம் சற்றுக் கசக்கிறது.

காய்கனியில் நாம் இன்னும் பின்தங்கியே இருக்கிறோம். 2023 நவம்பரில் மகாராஷ்டிரத்துப் பாராமதியிலிருந்து கடல் வழியாகப் பரீட்சார்த்தமாக அனுப்பிய வாழைப்பழம் டிசம்பரில் ராட்டர்டாம் சேர்ந்தது. அந்தச் சமயத்திலேயே செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட, பல கம்பெனிகள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போகலாயின. பயணம் ஏறக்குறைய இரண்டு வாரம் நீண்டது. இரும்புக்கு இரண்டு வாரம் வட்டிக் கணக்கு. திராட்சைக்கு அதுவே ஆயுள் கணக்கு.

ஓசூர் ரோஜா இன்னும் பெரும்பாலும் ஆகாய மார்க்கமாகவே போகிறது. பிப்ரவரி 14-ந் தேதியைக் குறிவைத்துப் பெங்களூர் விமான நிலையத்தில் பூப்பெட்டிகள் குவிகின்றன. கென்யா தேசத்தாரோ மொம்பாஸாத் துறைமுகத்திலிருந்து ரோஜாவைக் கப்பலிலும் அனுப்பப் பழகிவிட்டார்கள். விமானக் கூலியில் மிஞ்சுவது அவர்களுக்கு லாபம்.

பாகலூர்க்காரர் உடனே கப்பலைத் தேட வேண்டியதில்லை. முதலில் வேண்டியது, வயலுக்கு அருகில், பறித்த சில மணி நேரத்துக்குள் காய்கறியின் சூட்டைத் தணிக்கும் ஓர் அறை. ஏற்றுமதிக்கு ரோஜா வளர்ப்பவர்கள் அதை வைத்திருக்கிறார்கள். நாலைந்து ஏக்கர் முட்டைக்கோஸ்காரரால் தனியே வைக்க இயலாது. ஊர் கூடி வைத்தால் இயலும். பெங்களூருக்குப் போகும் சரக்குக்கும் அது பயன்படும்.

இரண்டாவது, கணக்கு. பழ வியாபாரத்தில் அக்கரையில் பெட்டியைத் திறந்து பார்த்த பிறகே விலை தீர்வது சகஜம். 'கால்வாசி அழுகல்' என்று தபால் வந்தால், அந்த நஷ்டம் படிப்படியாக இறங்கி விளைவித்தவன் தலையில் வந்து உட்காரும். ஆனால் பெட்டிக்குள் ஒவ்வொரு மணிக்கும் எத்தனை டிகிரி இருந்தது என்று எழுதி வைக்கும் கருவி இருக்கிறது. அழுகலுக்குக் காரணம் தோட்டமா, லாரியா, கப்பலா என்று அது பெரும்பாலும் காட்டிக் கொடுத்துவிடும். அதன் நகலைக் கேட்டு வாங்கும் ஷரத்தை, சரக்கைக் கொடுக்கும் முன்பே ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.