தள்ளாடுகிறவன் எல்லாம் குடிகாரனா?

வடலூர் பஸ் ஸ்டாண்டில் என் சின்ன மாமா தள்ளாடிக்கொண்டு இறங்குவார். வாரத்தில் இரண்டு நாள் இது நடக்கும். 'பட்டப்பகல்லயே ஏத்திட்டு வர்றான் பாரு, காலனிக்காரன்' என்று காதுபடவே பேசுவார்கள். ஆறு வருசமாக டயாலிசிஸ் செய்துகொண்டு திரும்புகிற மனுசன் அவர். 1867இல் வள்ளலார் தருமசாலை தொடங்கிப் பசிப்பிணியைத் தீர்க்க அடுப்பு மூட்டிய ஊர் இது. அந்த ஊர் வாயில்தான் இந்தப் பேச்சும் வருகிறது.

ரத்தத்தைச் சுத்தம் செய்வது மட்டும்தான் மிஷின் வேலை என்று நாங்களும் நினைத்திருந்தோம். உடம்பில் தேங்கிய தண்ணீரையும் அதுதான் உறிஞ்சுகிறது. நாலு மணி நேரத்தில் இரண்டு லிட்டர், மூன்று லிட்டர். வேகமாக எடுத்தால் பிரஷர் இறங்கும், மூளைக்குப் போகிற ரத்தமும் குறையும். நெதர்லாந்தில் 65 வயதுக்கு மேற்பட்ட 12 பேருக்கு டயாலிசிஸ் நடக்கும்போதே ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். மூளை ரத்த ஓட்டம் சராசரியாக 10 சதவீதம் குறைந்திருந்தது. 2018இல் வந்த ஆய்வு இது. வருசக்கணக்கில் டயாலிசிஸில் இருக்கிறவர்களுக்கு மறதி, நடைத் தடுமாற்றம் வருவதற்கு இதுவும் ஒரு காரணம் என்கிறார்கள். பக்கவாதமும் மற்றவர்களைவிட இவர்களுக்குப் பல மடங்கு அதிகம்.

ஒரு நாள் மாமாவுக்குப் பேச்சு குழறியது. ஓடிப்போய்ச் சொன்னேன். 'ஒங்க ஆளுங்களுக்குச் சொன்னா மண்டையில ஏறாது, கண்டபடி தண்ணி குடிச்சிட்டு வர்றீங்க' என்று பதில் வந்தது. தண்ணீர் கூடித்தான் இருந்தது, மறைக்கவில்லை. அதற்கு முந்தின முறை போகவில்லையே! முந்திரித் தோப்புக் கூலியை விட்டுவிட்டுக் கூடப்போக யாருமில்லை. முதலமைச்சர் காப்பீட்டில் டயாலிசிஸ் இலவசம்தான். கூடவருகிறவன் கூலியை எந்தக் காப்பீடு கொடுக்கிறது? ஒரு முறை விட்டால் தண்ணீர் சேரும். அடுத்த முறை அதே நாலு மணி நேரத்தில் அத்தனையையும் உறிஞ்சுவார்கள், அடுத்த ஆள் வெளியே காத்திருக்கிறான். அடி விழுவது மூளைக்கு.

நாங்கள் கேட்பது பெரிய காரியமில்லை. தண்ணீர் அதிகமிருந்தால் நேரத்தைக் கூட்டுங்கள். முடிந்ததும் நிற்கவைத்துப் பிரஷர் பார்த்து அனுப்புங்கள். வாய் கோணினால், கை தொங்கினால், பேச்சு குழறினால் திட்டுவதற்கு முன்னால் ஸ்கேன் எடுங்கள். கூடவருகிறவருக்கும் பஸ் கட்டணத்தோடு ஒரு நாள் கூலி கொடுங்கள்.

மாமா இப்போதெல்லாம் ஊசி குத்தின கட்டை மறைப்பதில்லை. சட்டைக்கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டுதான் பஸ் ஏறுகிறார். "பாக்கட்டும்டா" என்கிறார்.