பழைய காருக்கு வேறு இன்ஜினா?

எங்கள் வீட்டில் மாமனார் காலத்து பெட்ரோல் அம்பாசடர் கார் இருக்கிறது. போன மாதம் பிரகதாம்பாள் கோயில் பக்கம் புகை கக்கி, கியரும் விழாமல் நின்றுவிட்டது.

"ரெண்டையும் கழட்டிட்டு, பழைய டீசல் இன்ஜின் ஒண்ணை கியர்பாக்ஸோட மாட்டிடலாம். செலவு கம்மி" என்றார் மெக்கானிக். என் கணவரும் தலையாட்டிவிட்டார்.

நான்தான், "ஆர்.சி. புத்தகத்துல இருக்கற இன்ஜின் நம்பர் என்னாகும்?" என்று கேட்டேன். 1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, ஆர்.டி.ஓ. அனுமதி பெற்றுத்தான் இப்படி மாற்ற முடியும். மாற்றிய 14 நாளுக்குள் ஆர்.சி.யோடு தெரிவிக்கவும் வேண்டும். இல்லாவிட்டால், விபத்து என்று வரும்போது இன்சூரன்ஸ் பணத்துக்கு அலைய வேண்டியதுதான். டீசல் இன்ஜின் கனம் வேறு. ஸ்பிரிங், பிரேக் என்று செலவு இழுக்கும். இதையெல்லாம் யாரும் முதலில் சொல்வதில்லை.

கடைசியில் இருந்த இன்ஜினையே போர் செய்து, பிஸ்டன், ரிங் மாற்றினோம். கியர்பாக்ஸிலும் தேய்ந்த பல்சக்கரங்களை மட்டும் மாற்றினோம். 2014-லேயே அம்பாசடர் உற்பத்தி நின்றுவிட்டாலும், தேடியதில் சாமான்கள் கிடைத்தன. பிளாக்கே விரிசல் விட்டிருந்தால் வேறு வழியில்லை. அப்போதும் அதே ரக இன்ஜினாக, ரசீதோடு வாங்குவதே நல்லது.

சகோதரிகளே, வண்டி ரிப்பேர் ஆம்பளைங்க சமாசாரம் என்று ஒதுங்காதீர்கள். ஓட்டுவது அவர்களானாலும், பின் சீட்டில் உட்காருவது நாமும் நம் பிள்ளைகளும்தானே!

- ஒரு வாசகி, திருக்கோகர்ணம்.