பெயர் யாருடைய சொத்து?

பாம்பன், மண்டபம் கரைகளில் நிற்கும் படகுகளின் பெயர்களைப் படித்துப் பாருங்கள், தோழர்களே! அந்தோணியார் பெயரில் ஒன்றா, இரண்டா? ஆளுக்கொரு பதிவு எண் இருக்கிறது. பெயருக்காக யாரும் கோர்ட்டுப் படியேறுவதில்லை. பண மூட்டைகளின் உலகம் வேறு.

2001-ல் அமெரிக்காவில் மைக்கேல் ராபர்ட்சன் என்பவர் லினக்ஸ் அடிப்படையில் ஒரு கணினி மென்பொருளை உருவாக்கி, 'லிண்டோஸ்' என்று பெயரிட்டார். எங்கள் 'விண்டோஸ்' குறியைப் போல ஒலிக்கிறது என்று, அவ்வாண்டு டிசம்பரிலேயே மைக்ரோசாப்ட் கம்பெனி வழக்குத் தொடுத்தது. விண்டோஸ் என்றால் என்ன? ஜன்னல்கள்! திரையில் திறக்கும் கட்டங்களை, மைக்ரோசாப்டின் சரக்கு 1985-ல் கடைக்கு வருமுன்பே அத்தொழிலாளர் அப்படித்தான் அழைத்து வந்தனர். 'கதவு' என்ற சொல் என் பட்டறைக்கே சொந்தம் என்று ஒரு தச்சர் சொன்னால் சிரிக்கமாட்டோமா?

2002-ல் அமெரிக்க நீதிபதி தடை கொடுக்க மறுத்தார். விட்டதா கம்பெனி? ஐரோப்பாவில் நாடு நாடாக வழக்குப் போட்டது. நெதர்லாந்தில் தடை கிடைத்தது. 2004-ல் லிண்டோஸ் 'லின்ஸ்பயர்' ஆயிற்று. அமெரிக்க வழக்கு மிச்சமிருந்தது. அதில் தோற்றால் விண்டோஸ் குறியே பறிபோகக்கூடும். அவ்வாண்டு ஜூலையில் 2 கோடி டாலர் கொடுத்து மைக்ரோசாப்ட் சமரசம் செய்துகொண்டது. ராபர்ட்சனுக்கு நட்டமில்லை. ஜன்னல் பொதுச்சொல்லா என்ற கேள்விக்குத்தான் தீர்ப்பு வரவேயில்லை!

வணிகக் குறியே கூடாது என்பதல்ல நம் வாதம். போலிச் சரக்கிலிருந்து வாங்குகிறவரைக் காப்பதும் அதுதான். ஆனால் அது தனிச் சொத்து. விலை பேசலாம், கனத்த மடி உள்ளவன் பக்கம் சாயும்.

இதற்கு நேர்மாறான ஒன்று நம் மாவட்டத்தில் இருக்கிறது. கமுதி, முதுகுளத்தூர் மானாவாரி நிலங்களில் விளையும் இராமநாதபுரம் முண்டு மிளகாய் 2023-ல் புவிசார் குறியீடு பெற்றது. இந்தப் பெயரை விற்கவோ அடமானம் வைக்கவோ சட்டம் இடம் தரவில்லை. விளைவிக்கும் எல்லோருக்கும் பொது.

பொதுதான், ஆனால் மூட்டையில் அக்குறியைப் போட, ஒவ்வொருவரும் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தனித்தனியே பதிந்தாக வேண்டும். 'உற்பத்தியாளர்' என்ற சொல்லில் மூட்டை கட்டுகிறவரையும் வியாபாரியையும் சட்டம் சேர்த்தே வைத்திருக்கிறது. வியாபாரிக்கு வக்கீல் உண்டு, விவசாயிக்கு யார்? ஒருமுறை பதிந்தால் 10 ஆண்டு வரை செல்லும். அடுத்த பழப்பறிப்புக்கு முன், கிளைத் தோழர்கள் ஊர் ஊராக உட்கார்ந்து அந்த மனுக்களை எழுதித் தரட்டும்.